அரக்குப் பாவும் இலைப்பச்சை ஊடையும்: சுங்கை சிப்புட் நெசவுக் குழு ஒன்றின் நிற ஆய்வு

பின்னணி

பேராக் மாநிலத்தில் ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குச் செல்லும் வழியில் உள்ள சுங்கை சிப்புட், ரப்பர்த் தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர். அத்தோட்டங்களில் பெரும்பகுதி இன்று செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறிவிட்டது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர் ஊரைச் சுற்றி எழுந்த தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். இந்த ஆய்வு, அவ்வூர்க் கடைவீதியில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் சனிக்கிழமைப் பிற்பகல்களில் கூடும் கைத்தறிக் குழுவைப் பற்றியது. ரப்பர் மரத்தில் பால்வெட்டி ஓய்வு பெற்ற மூத்த பெண்கள், தையற்கடை நடத்துபவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தாதி, தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை பார்க்கும் இளம்பெண்கள் ஆகியோர் அதில் இருக்கிறார்கள். எவருக்கும் தறி பரம்பரைத் தொழில் அன்று. அனைவரும் வயது வந்தபின் ஆர்வத்தால் கற்றுக்கொண்டவர்கள். நானும் அவர்களோடு சேர்ந்து நெய்பவள். கூட்டக் குறிப்புகளை எழுதி வைக்கும் பொறுப்பும் என்னுடையது.

குழுவிடம் இருப்பவை 40 சென்டிமீட்டர் அகலத் துணி நெய்யக்கூடிய மேசைத் தறிகள். பயன்படுத்துவது ஈப்போவில் வாங்கும் தடித்த பருத்தி நூல். தறியின் சீப்புப் போன்ற அச்சில் சென்டிமீட்டருக்கு ஆறு இழை வீதம் பாவு, அதாவது நீளவாக்கு நூல், கோக்கப்படுகிறது. குறுக்கே ஓடும் ஊடை நூலும் அதே நெருக்கத்தில் விழுந்தால் பாவும் ஊடையும் சம அளவில் வெளியே தெரியும் சாதா நெசவு கிடைக்கிறது. இந்த அளவுகளைத் தொடக்கத்திலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நிறத்தைப் பற்றிப் பின்னால் வரும் ஏறக்குறைய எல்லா முடிவுகளும் இழையின் பருமனோடும் நெருக்கத்தோடும் பிணைந்தவை.

எழுந்த சிக்கல்

ஒரு தீபாவளி நிகழ்ச்சிக்காக மேடையின் பின்புறத்தில் தொங்கவிடும் திரையைக் குழு நெய்தது. தறியின் அகலம் போதாததால் நீளமான பட்டைகளாக நெய்து, அவற்றைப் பக்கவாட்டில் இணைத்துத் தைப்பது என்று திட்டமிடப்பட்டது. நிறங்களைத் தேர்வதில் கருத்து வேறுபாடே எழவில்லை. அரக்குச் சிவப்பும் இலைப்பச்சையும் சேர்ந்தால் கல்யாணக் களை வரும் என்பதை அங்கிருந்த ஒவ்வொருவரும் தம் தாயாரின் கூறைச் சேலையிலிருந்தே அறிந்திருந்தனர். ஆகவே பாவு முழுவதும் அரக்கு, ஊடை முழுவதும் இலைப்பச்சை என்று முடிவாயிற்று. தறியில் உட்கார்ந்து நெய்தபோது துணி கண்ணைப் பறித்தது. சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் மாறி மாறி அமர்ந்து, துணியின் மேற்பரப்பே துடிப்பது போன்ற உணர்வைத் தந்தன.

திரையை மேடையில் தொங்கவிட்டு, நாற்காலிகள் போட்டிருந்த இடத்திலிருந்து பார்த்தபோது அந்தத் துடிப்பு இல்லை. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. மழைக்குப் பின் தோட்டத்துச் சாலையில் கிடக்கும் செம்மண் சேற்றின் நிறத்தில் ஒரு பரப்பு மட்டுமே தெரிந்தது. நூலில் சாயம் இறங்கிவிட்டதோ, விளக்கின் கோளாறோ, கடைக்காரர் தரக்குறைவான நூலைக் கொடுத்துவிட்டாரோ என்ற ஐயங்கள் எழுந்தன. திரையின் அருகே சென்றால் சிவப்பும் பச்சையும் அப்படியே இருந்தன. பத்தடி பின்வாங்கினால் மறைந்தன. இதற்கு விளக்கம் தேடியதுதான் இந்த ஆய்வின் தொடக்கம்.

சேர்ந்து பார்ப்பதற்கான ஏற்பாடு

நிறத்தைப் பற்றிக் குழுவாகப் பேசும்போது, நிறத்தைவிட மரியாதை வலுவானது என்பது விரைவிலேயே தெரிந்தது. வயதில் மூத்த அக்காள் ஒருவர், “இது எடுப்பாத்தானே இருக்கு” என்று சொல்லிவிட்டால், இளையவர்கள் அதற்கு மேல் வாய் திறப்பதில்லை. மறுத்துப் பேசுவது அவர்கள் வளர்ந்த முறைக்கு ஒவ்வாதது. ஒவ்வொருவரும் தம் கருத்தைத் துண்டுச் சீட்டில் எழுதலாம் என்று ஆசிரியை யோசனை சொன்னார். ஆனால் சின்ன வயதிலேயே பால்வெட்டுக்குப் போய்விட்ட மூத்தவர்கள் சிலருக்கு எழுதுவது இயல்பாக வரவில்லை.

கடைசியில் புளியங்கொட்டை கை கொடுத்தது. நெய்த மாதிரித் துணியை மேசையில் விரித்து, அதற்குப் பக்கத்தில் அதே கட்டங்களை வரைந்த அட்டை ஒன்றை ஒரு மறைப்புக்குப் பின்னால் வைத்தோம். ஒவ்வொருவராகச் சென்று, “மிகவும் உயிரோட்டமான கட்டம் எது, மிகவும் மங்கிய கட்டம் எது” என்ற கேள்விகளுக்குப் புளியங்கொட்டையால் பதில் வைத்தனர். எல்லோரும் வைத்து முடித்த பிறகே மறைப்பு நீக்கப்பட்டது. யார் எதை வைத்தார் என்பது தெரியாது. எந்தக் கட்டத்தில் எத்தனை கொட்டைகள் என்பது மட்டும் தெரியும். அதன்பின் நடந்த பேச்சில் இளையவர்களும் தயங்காமல் கலந்துகொண்டனர். இதைச் சிறிய உபாயமாகக் கருதிக் கடந்துவிடக்கூடாது என்று நினைக்கிறேன். நிறத்தைக் கூட்டாக ஆராய்வதன் பயனே, ஒரே துணியைப் பார்க்கும் பலரது கண்கள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை அறிவதில்தான் இருக்கிறது. முதலில் பேசுபவரின் கண்ணையே மற்றவர்களும் கடன் வாங்கிக்கொண்டால் அந்தப் பயன் கைக்கு வராது.

முப்பத்தாறு கட்டங்கள்

நெசவாளர்கள் உலகெங்கும் கையாளும் ஒரு மாதிரித் துணி முறையைக் குழு தேர்ந்துகொண்டது. மாம்பழ மஞ்சள், கனகாம்பரம், அரக்கு, கத்தரிப்பூ ஊதா, நீலம், இலைப்பச்சை ஆகிய ஆறு நிறங்களை ஆறு பட்டைகளாகப் பாவில் ஓட்டினோம். ஒவ்வொரு பட்டையும் 6 சென்டிமீட்டர் அகலம், 36 இழை. ஆக மொத்தம் 216 இழை. பின்பு அதே ஆறு நிறங்களை அதே வரிசையில் ஊடையாகவும் விட்டோம். இவ்வாறு நெய்தால் 36 கட்டங்கள் கிடைக்கும். மூலைவிட்டத்தில் அமையும் ஆறு கட்டங்களில் பாவும் ஊடையும் ஒரே நிறம். எனவே அங்கே கலப்பு இல்லை. மீதமுள்ள 30 கட்டங்களில் 15 சோடி நிறங்கள் ஒவ்வொன்றும் இருமுறை வருகின்றன: மஞ்சள் பாவில் நீல ஊடை ஓரிடத்தில், நீலப் பாவில் மஞ்சள் ஊடை மற்றோரிடத்தில்.

ஊடைப் பட்டை ஒவ்வொன்றையும் வேறு வேறு பெண் நெய்தார். இதனால் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. சாதா நெசவு சமமாக இருந்தால் ஒரு சோடியின் இரு கட்டங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிய வேண்டும். ஆனால் நீல ஊடை விழுந்த பட்டையில் மட்டும் எல்லாக் கட்டங்களும் நீலத்தின் பக்கம் சாய்ந்திருந்தன. அளந்து பார்த்தபோது, அந்தப் பட்டையின் 36 ஊடை இழைகளும் 6 சென்டிமீட்டருக்குப் பதிலாக நாலரை சென்டிமீட்டருக்குள் அடங்கியிருந்தன. அதாவது சென்டிமீட்டருக்கு எட்டு ஊடை. அதை நெய்தவர் பல ஆண்டுகள் பால்வாளி சுமந்து வலுவேறிய கையினர். அச்சை இழுத்து அடிப்பதிலும் அந்த வலு இறங்கியிருந்தது. ஊடை நெருங்க நெருங்கப் பாவை மூடிவிடுகிறது. பாவின் நிறம் பின்னுக்குப் போகிறது. நூலைத் தேர்வதோடு நிறம் தீர்மானமாகிவிடுவதில்லை. அடிக்கும் கையும் அதில் பங்கு கொள்கிறது என்பதை அந்த ஒரு பட்டை எல்லோருக்கும் புரியவைத்தது. அதை அவிழ்த்து மறுபடி நெய்யலாமா என்று கேட்டபோது, அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று பலரும் வற்புறுத்தினர். இன்றும் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதலில் காட்டப்படுவது அந்தப் பட்டைதான்.

புளியங்கொட்டைகள் விழுந்த இடங்களில் ஐயத்துக்கு இடமில்லாத ஒழுங்கு இருந்தது. உயிரோட்டமானவை என்று குறிக்கப்பட்டவை மஞ்சளும் கனகாம்பரமும், நீலமும் பச்சையும், அரக்கும் ஊதாவும் குறுக்கிட்ட கட்டங்கள். இவை, நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் நிறச் சக்கரத்தில் அடுத்தடுத்து நிற்கும் அண்டை நிறங்கள். மங்கியவை என்று குறிக்கப்பட்டவை அரக்கும் பச்சையும், மஞ்சளும் ஊதாவும், கனகாம்பரமும் நீலமும் குறுக்கிட்டவை. இவை சக்கரத்தில் நேரெதிரே நிற்கும் எதிர்நிறங்கள்.  சக்கரத்தை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள் வைத்த கொட்டைகள் அவை.

தூரம்

மேடைத் திரையின் புதிர் இப்போது பாதி விடுபட்டது. மீதிப் பாதிக்குத் தூரத்தை ஆராய வேண்டியிருந்தது. மனிதக் கண், நல்ல வெளிச்சத்தில், பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவிலான இடைவெளியைப் பிரித்தறியும் என்பது பொதுவான கணக்கு. எங்கள் துணியில் ஓர் இழையின் புள்ளி ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர். அந்தப் புள்ளி மேற்சொன்ன கோணத்துக்குச் சுருங்கிவிடும் தூரம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். அதற்கு அப்பால் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாமல் கலந்து, ஒரே நிறமாகக் கண்ணில் விழும். கால் மில்லிமீட்டர் பட்டு இழைக்கு இதே கணக்கைப் போட்டால் ஒரு மீட்டருக்குள்ளேயே கலந்துவிடும். காஞ்சிபுரம் பட்டில் பாவும் ஊடையும் வேறு நிறமாக இருந்தாலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரே நிறமாகத் தோன்றுவதும், தடித்த பருத்தியில் அப்படித் தோன்ற ஒரு கூடமே தேவைப்படுவதும் இதனால்தான்.

கடைவீட்டு மாடி குறுகலானது, ஆனால் நீளமானது. இந்தச் சோதனைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வாய்க்காது. ஒரு முனையில் அரக்கு–பச்சைத் துணியையும், அதே நூலில் நெய்த கறுப்பு–வெள்ளைத் துணியையும் தொங்கவிட்டு, ஒவ்வொருவராகப் பின்னோக்கி நடந்தனர். புள்ளிகள் மறையும் இடத்தில் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டனர். கறுப்பு–வெள்ளைப் புள்ளிகள் கணக்கு சொன்ன தூரத்தை ஒட்டியே மறைந்தன. அரக்கும் பச்சையுமோ அந்தத் தூரத்தில் பாதியை எட்டுவதற்கு முன்பே கலந்துவிட்டன. இரு துணிகளின் இழைப் பருமனும் ஒன்றே என்பதால், வேறுபாட்டுக்குக் காரணம் நூலில் இல்லை, கண்ணில் இருக்கிறது. வெளிர்–கருமை வேறுபாட்டை மனிதக் கண் மிக நுணுக்கமாகப் பிரிக்கிறது; வெளிர்வில் சமமாக இருந்து நிறத்தில் மட்டும் வேறுபடுபவற்றை அவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பதில்லை. எங்கள் அரக்கும் எங்கள் இலைப்பச்சையும் நிறத்தில் எதிரிகள், ஆனால் வெளிர்வில் இரட்டையர்.

அதைச் சரிபார்க்க ஆறு நூல்களையும் ஓர் அட்டையில் அடுத்தடுத்து நெருக்கமாகச் சுற்றி, இரு ஓரங்களிலும் வெள்ளை நூலையும் கறுப்பு நூலையும் ஒப்பீட்டுக்காக வைத்து, கைப்பேசியில் கறுப்பு–வெள்ளைப் படம் எடுத்தோம். மஞ்சள் மட்டும் தனியே பளிச்சென்று நின்றது. அரக்கு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே சாம்பலாகி, எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றொன்று தொடங்குகிறது என்பதே தெரியவில்லை. அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905-இல் வெளியிட்ட முறை, நிறம், வெளிர்வு, செறிவு (நிறத்தின் அடர்த்தி) ஆகிய மூன்றையும் மூன்று தனி அளவுகளாகப் பிரித்தது. அந்தப் பிரிவினையின் தேவையைக் குழு உணர்ந்தது இந்தப் படத்தைப் பார்த்த கணத்தில்தான். அதுவரை நூல் தேர்வு என்றால் நிறத் தேர்வு மட்டுமே. அதன்பின் கடைக்குச் செல்பவர்கள் நூல்கண்டுகளைப் பக்கத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டனர்.

சரவாக்கின் இபான் மக்கள் நெய்யும் புவா கும்பு துணியின் படங்களையும் இதே முறையில் பார்த்தோம். செம்பழுப்பு, இளமஞ்சள் வெண்மை, கருமை என மிகக் குறைந்த நிறங்களே அதில் இருக்கின்றன; அந்தச் செம்மை, நம் ஊரில் நுணா என்று வழங்கும் மெங்குடு மரத்தின் வேரிலிருந்து வருவது. கறுப்பு–வெள்ளைப் படத்திலும் அதன் உருவங்கள் ஒன்றுகூடக் கரைந்துபோகவில்லை. அந்த நெசவாளர்கள் வெளிர்வைக் கொண்டே துணியைக் கட்டியிருக்கிறார்கள்.

மஞ்சளும் நீலமும்

மாதிரித் துணியில் பலரையும் ஏமாற்றிய கட்டம் மஞ்சளும் நீலமும் குறுக்கிட்டது. பள்ளியில் மஞ்சளையும் நீலத்தையும் குழைத்தால் பச்சை வரும் என்று படித்திருந்ததால் தளிர்ப் பச்சையை எதிர்பார்த்தனர். வந்ததோ சாம்பல் படிந்த, சோர்ந்த பச்சை. தையற்கடை வைத்திருக்கும் அக்காள், மஞ்சள் நூலையே நீலச் சாயத்தில் தோய்த்துப் பார்க்கலாம் என்றார். பருத்திக்கான குளிர்நீர்ச் சாயத்தில் சலவைச் சோடா சேர்த்து மஞ்சள் நூலைத் தோய்த்தபோது, நல்ல வாழையிலைப் பச்சை வந்தது. அதே மஞ்சள், அதே நீலம்; தோய்த்தால் பச்சை, நெய்தால் சாம்பல்.

காரணம் இதுதான். ஒரே இழையில் இரு சாயங்கள் ஏறும்போது, மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்குகிறது. நீலச் சாயம் சிவப்பு ஒளியை விழுங்குகிறது. இரண்டும் விழுங்காமல் விட்ட பச்சை மட்டும் வெளியே வருகிறது. இரு இழைகள் குறுக்கிடும்போது ஓர் இழை அனுப்பும் ஒளியை மற்றொன்று விழுங்குவதில்லை. மஞ்சள் இழை அனுப்பும் ஒளியும் நீல இழை அனுப்பும் ஒளியும் கண்ணில் சேர்ந்து சராசரியாகின்றன. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1852-இல் இந்த இருவகைக் கலப்பையும் பிரித்து விளக்கினார். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அதே பத்தாண்டில் நிறக் காகிதங்களை வட்டில் ஒட்டிச் சுழற்றி, மஞ்சளும் நீலமும் சுழற்சியில் பச்சையாவதில்லை என்று காட்டினார். ஓவியருக்குப் பயன்படும் கலப்பு விதி நெசவாளருக்கு முழுதும் பொருந்தாது என்பதை எந்த நிறப் பாடத்திலும் முதல் நாளே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாயம் போடுபவரின் விதி ஒன்று. தறியில் உட்காருபவரின் விதி வேறொன்று. இரண்டு வேலையையும் ஒருவரே செய்யும்போதுதான் குழப்பம் அதிகமாகிறது.

பக்கத்து நிறமும் பார்க்கும் கண்ணும்

அண்டை நிறம் ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதற்கு நெசவு உலகிலேயே புகழ்பெற்ற சான்று உண்டு. பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் 1824-இல் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்ற வேதியியலர் மிஷேல் ஷெவ்ருல், அங்கே சாயமேற்றிய கறுப்பு நூலில் கருமை போதவில்லை என்ற புகாரை ஆராய்ந்தார். மற்ற இடங்களின் கறுப்பு நூல்களோடு ஒப்பிட்டபோது சாயத்தில் குறையில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்டதால்தான் கறுப்பு வெளிறித் தெரிந்தது. அந்த ஆராய்ச்சியை விரிவுபடுத்தி 1839-இல் நூலாக வெளியிட்டார். குழுவில் ஒரே சாம்பல் நூலை அரக்குப் பட்டைக்கு நடுவிலும் பச்சைப் பட்டைக்கு நடுவிலும் நெய்து பார்த்தோம். முதலாவது சற்றே பச்சை பாய்ந்ததாகவும் இரண்டாவது சற்றே சிவந்ததாகவும் தெரிந்தது. இரண்டும் ஒரே கண்டிலிருந்து வந்தவை என்று சொன்னபோது, நூலை இழுத்துக் காட்டும் வரை சிலர் நம்பவில்லை. இந்தச் செய்தி அத்துடன் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டதால் அதில் அதிகம் தங்கவில்லை.

மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்ன செய்திதான் எங்களை வெகுநேரம் நிறுத்தியது. விடியற்கருக்கலில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும்போது, முன்னால் நடப்பவரின் சிவப்புச் சேலை கறுப்பாகத் தெரியும் என்றும், நீலச் சேலை மட்டும் சாம்பல் கலந்து வெளிறித் தெரியும் என்றும், வெளிச்சம் வர வரத்தான் சிவப்பு திரும்பி வரும் என்றும் அவர் சொன்னார். பால்வெட்டு குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் வேலை. ஆகவே பல ஆண்டுகளாக, நாள் தவறாமல், இருளிலிருந்து வெளிச்சத்துக்கு நிறங்கள் மாறுவதைப் பார்த்தவர்கள் இவர்கள். பொஹீமியாவில் பிறந்த உடலியல் அறிஞர் யான் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவு செய்ததும், இன்று அவர் பெயராலேயே வழங்குவதும் இதே நிகழ்வுதான். மங்கிய வெளிச்சத்தில் பார்க்கும் கண்ணின் செல்கள் வேறு. அவை நீலப்பச்சைப் பகுதிக்கு அதிகமாகவும் சிவப்புக்கு மிகக் குறைவாகவும் இசைபவை. நாங்கள் ஜன்னல் பலகைகளைச் சாத்தி, விளக்கை அணைத்து, கண் இருளுக்குப் பழகும்வரை காத்திருந்து, நூல் சுற்றிய அட்டையைப் பார்த்தோம். அரக்குப் பகுதி முழுக் கறுப்பாகிவிட்டது. சற்று முன்பு அதற்குச் சமமான சாம்பலாகப் படத்தில் விழுந்த பச்சை அதைவிட வெளிறித் தெரிந்தது. வெளிர்வின் சமநிலைகூட வெளிச்சத்தைப் பொறுத்து மாறும் என்பது இதனால் உறுதியாயிற்று. அகல் விளக்கின் அருகில் நிலைமை வேறு. எண்ணெய்ச் சுடரில் சிவப்பும் மஞ்சளும் நிறைய உண்டு, நீலம் மிகக் குறைவு. அங்கே அரக்கு நிலைத்து நிற்கும், நீலமே மங்கும். தீபாவளிக்கு நெய்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

கருநீலமா கறுப்பா என்பதில் குழுவில் அடிக்கடி வந்த பிணக்குக்கும் விளக்கம் கிடைத்தது. வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளித்து, நீல ஒளியை வடிகட்டுகிறது. ஒரு கண்ணுக்கு மட்டும் புரை நீக்கும் அறுவை செய்துகொண்ட உறுப்பினர் ஒருவர், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்து, அறுவை செய்த கண்ணில் அது நீலம், மற்றக் கண்ணில் கறுப்பு என்றார். அவரை அருகில் வைத்துக்கொண்டு, யார் சரி என்ற வாக்குவாதத்தை அதன்பின் தொடர முடியவில்லை. மூத்தவர்களும் இளையவர்களும் சேர்ந்து பயன்படுத்தும் துணியில் கருநீலத்தையும் கறுப்பையும் பக்கத்தில் வைப்பதில்லை என்று முடிவு செய்யப்பட்டது.

சேலைக்குள் இருந்த விடை

அரக்கும் பச்சையும் கல்யாணச் சேலையில் அழகாக இருக்கின்றனவே, அங்கே ஏன் சேறாகவில்லை என்ற கேள்வி இன்னும் மிஞ்சியிருந்தது. பதில் தேட, அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு பட்டுச் சேலையைக் கொண்டுவந்தனர். ஆசிரியை தம் பாட்டியின் அரக்குச் சேலையை மேசையில் விரித்து, பச்சைக் கரை உடலோடு சேரும் இடத்தைப் பூதக்கண்ணாடியால் காட்டினார். உடலில் பாவும் அரக்கு, ஊடையும் அரக்கு. கரையில் பாவும் பச்சை, ஊடையும் பச்சை. இரண்டும் சந்திக்கும் கோட்டில் மட்டும் இரு நிற ஊடைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, பல்பல்லாகத் திரும்பியிருந்தன. அரக்கு ஊடை பச்சைக் கரைக்குள் ஓர் இழைகூட ஓடவில்லை. பச்சை ஊடை உடலுக்குள் நுழையவில்லை. இதுவே கோர்வை. ஊடை நூலைக் கொண்டு செல்லும் நாடா உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்களோடு, பெரும்பாலும் துணைக்கு இன்னொருவரும் அமர்ந்து நெய்யும் கடினமான முறை அது. அவ்வளவு பாடுபட்டது எதற்காக என்பது எங்கள் மேடைத் திரையைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கியது. எதிர்நிறங்களைக் கலக்க விடாமல், தொட மட்டும் விடுவதற்கு.

அதற்கு நேர்மாறாக, இளம்பெண் ஒருவர் கொண்டுவந்த மயில் கழுத்துச் சேலையில் நீலப் பாவும் பச்சை ஊடையும் உடல் முழுவதும் குறுக்கிட்டிருந்தன. மடிப்பை அசைத்தால் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் மாறியது. பட்டிழை பளபளப்பானது, பாவின் மேல் படும் ஒளியும் ஊடையின் மேல் படும் ஒளியும் வெவ்வேறு திசையில் திரும்புவதால், மடிப்பின் கோணத்துக்கேற்ப ஒன்று மேலோங்குகிறது. பருத்தி ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் இந்த மாற்றம் அதில் மெலிதாகவே தெரியும். ஆனால் சோர்வு இருக்காது. ஏனெனில் நீலமும் பச்சையும் அண்டை நிறங்கள், சராசரியானாலும் அவற்றின் செறிவு பெரிதாகக் குறைவதில்லை. அண்டை நிறங்களைக் குறுக்கே விட்டு, எதிர்நிறங்களுக்கு இடையே எல்லை கட்டுவது என்பதைக் காஞ்சிபுரத்து நெசவாளர்கள் சக்கரமும் வட்டும் இல்லாமல் தறியிலேயே கண்டிருக்கிறார்கள். எங்கள் பெட்டிகளில் நெடுங்காலம் மடித்து வைக்கப்பட்டிருந்த இந்த அறிவைக் குழுவாகச் சேர்ந்து பார்த்தபோதுதான் படிக்க முடிந்தது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இரண்டாவது திரை

மேசைத் தறியில் கோர்வை போடுவதற்கான திறமை குழுவுக்கு இன்னும் கைவரவில்லை. ஆயினும் பட்டைகளைத் தனித்தனியே நெய்து இணைப்பதால் அதே பயனை வேறு வழியில் பெற முடிந்தது. அரக்குப் பாவில் அரக்கு ஊடையாகச் சில பட்டைகள், நீலப் பாவில் பச்சை ஊடையாக மயில் கழுத்துப் பட்டைகள், பச்சைப் பாவில் பச்சை ஊடையாகச் சில பட்டைகள் நெய்யப்பட்டன. இலைப்பச்சைக்குப் பதிலாக இம்முறை கிளிப்பச்சை எடுக்கப்பட்டது. கறுப்பு–வெள்ளைப் படத்தில் அது அரக்கைவிட நன்றாக வெளிறி விழுந்ததே காரணம். அரக்கும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் விரலகல மாம்பழ மஞ்சள் பட்டை ஒன்றைத் தையற்கடை அக்காள் சேர்த்தார். அது கோட்பாட்டிலிருந்து வந்ததன்று; அவருடைய கைப்பழக்கத்திலிருந்து வந்தது. தைப்பதற்கு முன்பே பட்டைகளை ஊசியால் கோத்துத் தொங்கவிட்டு, கடைசி வரிசை நாற்காலி இருக்கும் தூரத்திலிருந்து ஒவ்வொருவரும் பார்த்தனர். அங்கிருந்தும் அரக்கு அரக்காகவே நின்றது.

முதல் திரையைப் பற்றிய தீர்ப்பில் ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மூத்தவர்களில் இருவர் அந்தப் பழுப்பு தங்களுக்குப் பிடித்திருப்பதாகவும், தோளில் போடும் துண்டுக்கு அதுவே பொருத்தமான அமைதியான நிறம் என்றும் சொன்னார்கள். அதே அரக்குப் பாவில் அதே பச்சை ஊடையைத் தெரிந்தே விட்டு நெய்தார்கள். அருகில் பார்த்தால் சிவப்பும் பச்சையும் மினுங்குகின்றன, தள்ளி நின்றால் பாக்கு நிறமாக அடங்குகிறது. மேடைக்குப் பொருந்தாத கலப்பு தோளுக்குப் பொருந்தியது.

எஞ்சியவை

இவ்வாய்வு பருத்தி நூலையும் சாதா நெசவையும் மட்டுமே தழுவியது. நிறங்களை அளக்கும் கருவி எதுவும் பயன்படுத்தப்படவில்லை. கைப்பேசிக் கேமரா நிறத்தைச் சாம்பலாக மாற்றும் முறை கைப்பேசிக்குக் கைப்பேசி மாறக்கூடும். ஆகவே ஒரே கைப்பேசியில் எடுத்த படங்களை மட்டுமே ஒப்பிட்டோம். மாடியின் டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரு பச்சை நூல்கள், கீழே அஞ்சடியில் (கடைமுன் நடைபாதையில்) பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது வேறு வேறாகத் தெரிந்ததும் உண்டு. ஒவ்வொரு சாயமும் ஒளியை விழுங்கும் விதம் வேறு என்பதால் ஒரு விளக்கில் ஒத்துப்போவது மற்றொன்றில் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இப்போது நூல் வாங்கச் செல்பவர்கள் கண்டுகளைக் கடை வாசலுக்கு எடுத்துவந்து பார்த்த பிறகே பணம் கொடுக்கிறார்கள்.

அடுத்த மாதிரித் துணிக்கான பாவு ஓட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இம்முறை ஆறு நிறங்கள் இல்லை. அரக்கும் பச்சையும் மட்டுமே, ஒவ்வொன்றிலும் வெளிர், நடுத்தரம், கருமை என மூன்று படிகள். எதிர்நிறங்கள் குறுக்கிட்டாலும் வெளிர்வில் வேறுபாடு இருந்தால் எவ்வளவு தூரம் வரை புள்ளிகள் பிரிந்து தெரியும் என்பதே இப்போதைய கேள்வி. ஊடையை ஒரே கை நெய்ய வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கை யாருடையது என்பதற்கு மட்டும் இன்னும் புளியங்கொட்டை வைக்க வேண்டியிருக்கிறது.